இடது இறக்கையில் ஓர் இறகு இல்லை

செப்டம்பர் 3

கீழே டயர் கடைக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது. மாடியில் எங்கள் பறவை ஆய்வு அலுவலகத்தின் மூன்று அறைகளிலும் ரப்பர் நாற்றம், காலையில் குடித்த டீயிலும் அதே. ஜெராக்ஸ் மெஷின் மறுபடி தாளைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. "லேசா ஒரு தட்டு தட்டுங்க, சரியாயிடும்" என்றார் இயக்குநர். தட்டினேன். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கை வலிக்கிறது.

திங்கட்கிழமை பறவைக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. அண்ணன் இல்லாமல் இது மூன்றாவது பருவம். பைனாகுலரைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். அதன் பட்டை இன்னும் அவர் அளவில்தான் இருக்கிறது, எனக்கு வயிறு வரை தொங்குகிறது. சுருக்கிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் நாள். வழக்கமான பாதைதான். ஏரிக்கரை, வயல்வெளி, தண்ணீர்த் தொட்டி, மேட்டுச் சாலை, கடைசியாகக் கல்குவாரி. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி இறங்கி, கால் மணி நேரம் வானத்தைப் பார்த்து, கண்ணில் படுகிற வேட்டைப் பறவைகளை எழுதிக்கொள்ள வேண்டும். பருந்து, வல்லூறு, பூனைப்பருந்து, ராஜாளி. இருபது வருடத்துக்கும் மேலாக அதே பாதை, அதே மாதங்கள். ஒரு வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது. பறவை கூடுகிறதா குறைகிறதா என்பது பல வருடம் இப்படி நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதில் என் வேலை பார்ப்பது அல்ல. அண்ணன் பார்ப்பார், நான் எழுதுவேன். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி. "ரெண்டு பேரும் பார்த்தா ஒரு பருந்து ரெண்டு பருந்தாயிடும். நீ தாளைப் பாரு கிளார்க்கு, வானத்தை நான் பார்த்துக்கறேன்." இதுதான் அவர் போட்ட சட்டம். அலுவலகத்திலும் அதையே விதியாக்கிவிட்டார்கள். ஆக, இத்தனை வருடம் வெட்டவெளியில் கிடந்தும் நான் பார்த்ததெல்லாம் கோடு போட்ட தாளும் என் செருப்பும்தான். பறவைகளை எனக்கு அவர் குரலில் தெரியும்.

இப்போது நானே பார்க்கிறேன், நானே எழுதுகிறேன். ஏரியில் பருந்து இரண்டு. அவர் நாளில் வயல்வெளியில் பூனைப்பருந்து தாழப் பறக்காத நாளே கிடையாது. இன்று எதுவும் இல்லை. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு வல்லூறு, அதுவும் புறாவோ என்ற சந்தேகத்தோடு. கல்குவாரியில் ஒன்றுமில்லை. பறவை அங்கேதான் இருக்கும், என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் அவர் குரல்.

"ராஜாளி ஒண்ணு. முதிர்ந்தது. கிழக்கே."

திரும்பினேன். வண்டி நின்றிருந்தது. அதன்மேல் தூசி.

செப்டம்பர் 9

காற்றுதான். கல்குவாரிக்குள் காற்று புகுந்து சுற்றினால் எந்தக் குரலும் கேட்கும். இதையெல்லாம் எழுதிவைப்பதே தப்பு.

செப்டம்பர் 12

வரைபடம் போடுவதற்கென்று போன வருடம் ஒரு பெண் வேலைக்கு வந்தாள். நான் அவளுக்குக் கணக்குக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன், அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொள்வதில்லை. இன்று இயக்குநர் அறையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்கக்கா. இத்தனை வருஷமும் மேல கீழ ஆடிக்கிட்டு, கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல போகுது. நடுவுல லேசா ஒரு சரிவு, அப்புறம் பழையபடி ஏறிடுச்சு. இதோ இங்க வந்ததும் டபக்குன்னு ஒரு படி இறங்குது. பாதிக்கும் கீழ. இது வந்து..." நிறுத்திக்கொண்டாள்.

"எங்க அண்ணன் செத்த வருஷம்" என்றேன்.

"சாரிக்கா."

பறவைகள் ஒரே வருடத்தில் இப்படி விழாது என்கிறாள். நோயோ விஷமோ என்றால் செத்த உடல்கள் கிடைத்திருக்கும். ஆகவே குறைந்தது பறவை இல்லை, பார்க்கிற கண். ஆள் மாறினால் எண்ணிக்கை மாறுவது எங்கேயும் நடப்பதுதானாம். அதற்கு ஒரு திருத்தம் இருக்கிறது. நான் பார்த்ததை ஓர் எண்ணால் பெருக்கினால் போதும்.

"அதாவது நான் பார்க்காம விட்டதை நீ சேர்த்துப் போடுவே?"

"அப்படி இல்லக்கா. அண்ணன் இருந்திருந்தா எத்தனை பார்த்திருப்பாரோ, அத்தனை."

இயக்குநர் முகத்தில் நிம்மதி. மேட்டுச் சாலையிலிருந்து கல்குவாரி முகடு வழியாக உயர் அழுத்த மின்கம்பி கொண்டுபோக அனுமதி கேட்டிருக்கிறார்கள். அந்த மாதிரிக் கம்பியில் மோதியும் கருகியும் சாவது முதலில் பெரிய பறவைகள்தான். பறவை குறைகிறது என்று எங்கள் அறிக்கை சொன்னால் கம்பி வேறு வழியாகப் போக வேண்டும். குறையவில்லை என்றால் இங்கேயே. அக்டோபர் கடைசிக்குள் அறிக்கை போயாக வேண்டும். திருத்தம் போட்டால் கோடு சமமாகிவிடும், யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். "முதல் பக்கத்துல உங்க அண்ணன் படம் போடுறோம், அவர் நினைவா" என்றார். நல்ல மனிதர்தான். வம்பு என்றால் மட்டும் ஆகாது.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. நான் அவ்வளவு குருடா?

செப்டம்பர் 16

கண் மருத்துவரிடம் போனேன். சின்ன எழுத்தெல்லாம் கடகடவென்று படித்தேன். பொட்டு வெளிச்சத்தைக் காட்டித் தெரிந்தால் அமுக்கச் சொன்னார், அதையும் அமுக்கினேன். "எதுக்கும்மா வந்தீங்க? உங்க வயசுக்கு இந்தக் கண்ணு அதிசயம்" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டேன். கண் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் எனக்கு மட்டும் எதுவும் தட்டுப்படுவதில்லை? தோள் பக்கத்தில் ரொம்ப சாதாரணமாக அவர் குரல். "பருந்து ரெண்டு. இளசு. உயரத்துல." பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் தலையை அண்ணாந்து வைத்திருந்தேன் போல. மேலே ஸ்டாப்பின் தகரக் கூரைதான் இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

ஏரியில் ஒரு பருந்து. மற்ற இடமெல்லாம் வெறும் வானம். கல்குவாரியில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தேன், பழையபடி தலை குனிந்து. சும்மா, பழக்கம். உடனே ஆரம்பித்துவிட்டார். வகை, வயது, திசை, ஒவ்வொன்றாக, நான் எழுதி முடிக்க இடைவெளி விட்டு. அந்த இடைவெளி அப்படியே அவருடையது. என் கை எவ்வளவு வேகம் என்று அவருக்குத்தான் தெரியும்.

கை எழுதிவிட்டது. மூன்று வரி.

அப்புறம் ரப்பரை எடுத்து அழித்தேன். தாளில் தடம் இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்து அழுதேன், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதினதுக்கா, அழிச்சதுக்கா?

செப்டம்பர் 25

தூக்கம் சரியில்லை. அலுவலகத்தில் இயக்குநர் படம் கேட்டார். பைனாகுலரோடு அண்ணன் சிரிக்கிற படத்தைக் கொடுத்தேன். படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கிறார். எப்போதும் வானத்தின் மேலேயே கண் என்று எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

இதைத் தெளிவாக எழுத வேண்டும்.

கல்குவாரி. குரல் வந்தது. "ராஜாளி ஒண்ணு. முதிர்ந்தது. கிழக்கே. இடது இறக்கையில ஒரு இறகு இல்ல."

அந்தக் கடைசி வரியை இத்தனை நாள் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன். அது புதுசு இல்லை. அவர் கடைசி வருடங்களில் இதே இடத்தில் இதையே சொல்லுவார். வருடா வருடம். "நம்ம பல்லில்லாத ஆளு வந்துட்டான்" என்று சில நாள் கேலியாகவும் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே எழுதுவேன். அந்த ராஜாளியை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும், இறக்கையில் ஒரு சீப்புப் பல் உடைந்த மாதிரி சின்ன இடைவெளியோடு.

ஆனால் இறகு முளைக்கும்.

பறவை இறகை உதிர்க்கும், புதிதாக முளைக்கும். இந்தப் பருவத்தில் இருக்கும் ஓட்டை அடுத்த பருவத்தில் அடைந்திருக்கும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் இருக்கும். இந்த அலுவலகத்தில் முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது இது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதே இறக்கை, அதே இடம், இத்தனை வருடமா?

காயம் பட்ட இடத்தில் முளைக்காமலே போவதும் உண்டு. உண்டு. அப்படியும் இருக்கலாம்.

இருக்கலாம். ஆனால் அந்தப் பறவை எப்போதும் தனியாகவே, கிழக்காகவே போகிறதே.

அக்டோபர் 1

அண்ணியிடம் கேட்கலாமா? என்னவென்று கேட்பது?

அக்டோபர் 4, சனி

கேட்டுவிட்டேன்.

அண்ணி கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல என் முடியைப் பார்த்து, "எண்ணெயே வைக்க மாட்டியா, சாமியாரிணி மாதிரி திரியறே" என்று ஆரம்பித்தார். நானும் இரண்டு துண்டை எடுத்து மடித்தேன். பிறகு சுற்றி வளைக்காமல், "அண்ணனுக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சுதா அண்ணி?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன விளையாடறியா? உனக்குத் தெரியாதா?"

"எது?"

"டிவி முன்னாடி உட்கார்ந்து மேட்ச் பார்ப்பாரு, ஸ்கோர் என்னன்னு என்னைக் கேட்பாரு. எனக்கு மேட்ச்னா தலையும் தெரியாது வாலும் தெரியாது. எண்ணை மட்டும் படிச்சுச் சொல்லுவேன். கண்ணுக்குப் பின்னாடி ஏதோ காஞ்சு போச்சுன்னாரு டாக்டர். கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்ல. ஓரத்துல தெரியும், நேரா பார்த்தா தெரியாது. நடக்கலாம், சாப்பிடலாம், அவ்வளவுதான்."

அதனால்தான் படத்தில் அந்தப் பக்கவாட்டுப் பார்வை. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் அவருக்கு.

"எப்பலேர்ந்து?"

"பொண்ணு கல்யாணத்தப்பவே. சம்பந்தின்னு நெனச்சு சமையல்காரரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'என் பொண்ணை நல்லபடியா பார்த்துக்கங்க'ன்னு கண் கலங்கினாரே, மறந்துட்டியா? அந்த ஆளும் 'பார்த்துக்கறேங்க'ன்னாரு."

மறக்கவில்லை. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணன் வேண்டுமென்றே செய்கிற வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அந்த வருடம்தான் வண்டிச் சாவியையும் என் கையில் கொடுத்தார். முழங்கால் வலி என்றார்.

"நீதான் கூடவே இருந்தியே" என்றார் அண்ணி. "நீ பார்த்துட்டுத்தான் எழுதறேன்னு நெனச்சேன். அவருக்குக் கண்ணு நீதான்னு நான் நிம்மதியா இருந்தேன்."

"நான் பார்க்கவே இல்ல அண்ணி. அவர் சொன்னதை எழுதினேன்."

துணி மடிப்பது நின்றுவிட்டது. வேறு குரலில் பேசினார்.

"ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் கிளம்பும்போது சொல்லுவாரு, இன்னிக்கு அவ தலையைத் தூக்கிப் பார்த்துடுவான்னு. சாயங்காலம் வந்ததும் நான் கேட்பேன், பார்த்தாளான்னு. இல்லம்பாரு. எனக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு புரியல. நீ எதையோ பார்க்க மாட்டேங்கறேன்னு நெனச்சுக்குவேன்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

"நான் கூடச் சொன்னேன், விட்டுடுங்கன்னு. அங்கதான் இருக்கும், என் கண்ணுக்குத்தான் தெரியலம்பாரு. நான் வாயை மூடிட்டா அதுங்க இல்லாமப் போயிடுமேம்பாரு."

அக்டோபர் 5

பறவை அங்கேதான் இருக்கும், என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

செப்டம்பர் 8 அன்று நானே இதை எழுதியிருக்கிறேன். அவருக்கு முன்னால் இருந்த அதே காலி வானத்தின் கீழ் நின்று, அவர் சொன்ன அதே சொற்களை.

அய்யோ அண்ணா. என்ன பண்ணி வெச்சிருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உன்னைத் தின்னுடுவேனா? "கிளார்க்கு, மேல பாரு." அவ்வளவுதானே? ஏன் என்னையே கண்டுபிடிக்க விட்டே?

நானாவது ஒரு தடவை, கழுத்து வலிக்குதுன்னாவது, நிமிர்ந்திருக்கக் கூடாதா.

அக்டோபர் 8

அண்ணி போன் செய்தார். ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"இதை ஆபீஸ்ல சொல்லப் போறியா?"

"தெரியல அண்ணி."

"செத்த மனுஷனை நடுத்தெருவுல நிறுத்தணுமா? அவர் படம் போடுறாங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். என் வாயைக் கிளறி வாங்கிட்டுப் போய் அவரைப் பொய்யன்னு எழுதுவியா? கூடப் பிறந்தவதானே நீ?"

வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அண்ணன் பேர் போகும். திறக்காவிட்டால், அவர் கடைசியாகச் சொன்ன பறவைகளை வைத்து என் எண்ணைப் பெருக்குவார்கள், இல்லாத பறவைகள் இன்னும் இருப்பதாக ஆகும், கம்பி முகட்டின்மேல் போகும். மிச்சமிருக்கும் அந்த ஏரிப் பருந்துக்கு யார் பதில் சொல்வது?

அக்டோபர் 9

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

கல்குவாரி முகட்டில் மின்கம்பிக்கு இடம் அளந்து, முளைக்குச்சிகள் அடித்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். அறிக்கை போவதற்கு முன்னாலேயே. அவ்வளவு நம்பிக்கை எங்கள் மேல்.

ஸ்டூலை விரித்தேன், உட்காரவில்லை. நின்றேன். பைனாகுலர் வயிற்றில் இடித்தது. பட்டையைச் சுருக்கினேன், இப்போது கழுத்துக்குக் கீழே சரியாக நிற்கிறது. இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்தேன். "தாள் படிக்கற மாதிரி வானத்தைப் படி" என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. பாறை, புதர், முகடு, வானம். பூச்சி கூட இல்லை.

"ராஜாளி ஒண்ணு" என்றார்.

"இல்லண்ணா" என்றேன், சத்தமாகவே.

"முதிர்ந்தது. கிழக்கே."

"கிழக்கேயும் பார்த்துட்டேன். இல்ல. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, டாக்டர் சொல்லிட்டாரு. அங்க எதுவும் இல்லண்ணா."

இடைவெளி விட்டார், நான் எழுதி முடிப்பதற்கு விடுவது போல. நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. முகட்டில் சிவப்புத் துணிகள் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பயமாக இருந்தது. இத்தனை நாள் குரல் கேட்டபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

அக்டோபர் 14

கணக்குக்காரியிடம் சொன்னேன். முதலில் அவளிடம்தான், அவளுக்கு அழத் தெரியாது என்று நினைத்தேன். தப்பு. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "எந்த வருஷத்துலேர்ந்து எடுக்கணும்கா?" என்றாள்.

"எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துலேர்ந்து" என்றேன். வருடத்தைச் சொன்னேன்.

அந்த வருடங்களை எடுத்துவிட்டாள். கோட்டின் நடுவே ஒரு வெற்றிடம். இந்தப் பக்கம் அவர் பார்த்தது, அந்தப் பக்கம் நான் பார்த்தது. முன்பு 'லேசா ஒரு சரிவு, அப்புறம் பழையபடி ஏறிடுச்சு' என்றாளே, அந்த ஏற்றமே இப்போது இல்லை. அந்தச் சரிவு அப்படியே இறங்கி, வெற்றிடத்தைத் தாண்டி, நேராக என் எண்களில் வந்து சேர்கிறது. படி கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்து நிதானமாக, விடாமல் இறங்கியிருக்கிறது.

"உங்க கண்ணுல குறையே இல்லக்கா" என்றாள். "அக்கா பார்க்குறது சரி. திருத்தம் தேவையில்ல."

நான் பார்க்கத் தெரியாதவள் இல்லை. வானம்தான் காலியாகிக்கொண்டிருந்தது, நான் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோதே, ஒவ்வொன்றாக. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 15

எல்லாவற்றையும் சொன்னதும் இயக்குநர் ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கறவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"பறவை இல்லன்னு சொல்லுங்க."

"அப்ப உங்க அண்ணன் படம்? எடுத்துடலாமா?"

"எடுக்கக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "முதல்ல பார்த்த வருஷமெல்லாம் அவர் கண்ணால பார்த்ததுங்க. வயல்ல அத்தனை பூனைப்பருந்து இருந்துதுன்னு இன்னிக்கு யாருக்குத் தெரியும்? அவர் எண்ணலன்னா, போனதே நமக்குத் தெரியாது. படம் இருக்கணும். கடைசி வருஷங்களைப் பத்தி ஒரு வரி வரணும். அந்த வரியை நான் எழுதறேன்."

எழுதினேன். 'பார்வைக் குறைவு காரணமாக இந்த ஆண்டுகளின் பதிவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' இதற்கே மதியம் முழுக்க ஆனது. யாருடைய பார்வை என்று எழுதவில்லை. இரண்டு பேருடையதும்தான்.

நவம்பர் 18

அண்ணி மாடியேறி வந்தார், இந்த அலுவலகத்துக்கு முதல் தடவையாக. மூச்சு வாங்க என் எதிரே உட்கார்ந்து, "கொடு அதை" என்றார். அச்சாகி வந்த அறிக்கையைக் கொடுத்தேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பக்கவாட்டுப் பார்வையின்மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டே, "என்ன எழுதியிருக்கே, படி" என்றார்.

அந்த ஒரு வரியைப் படித்தேன். படத்தின் கீழே இயக்குநர் எழுதியிருந்ததையும் படித்தேன். 'இவர் பார்த்துவைத்ததால்தான் இங்கே எவ்வளவு இருந்தது என்பதே நமக்குத் தெரிகிறது.'

"இதை இன்னொரு தடவை படி" என்றார்.

படித்தேன்.

"நாத்தமடிக்குது உன் ஆபீஸ்" என்று எழுந்தார். கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 6

மின்கம்பி கீழே சாலையோரமாகப் போகிறதாம். ஒரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. இயக்குநர் அதை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். மெஷின் தின்றுவிட்டது. மறுபடி எடுத்தேன்.

குரல் அக்டோபருக்குப் பிறகு வரவில்லை. சில நாள் சும்மாவே தலை குனிந்து உட்கார்ந்து பார்க்கிறேன், வருகிறதா என்று.

செப்டம்பர் 7, திங்கள்

முதல் நாள். எழுத ஆள் வேண்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அண்ணி தொப்பியோடு வாசலில் நிற்கிறார். "வீட்ல உட்கார்ந்து என்ன கிழிக்கப் போறேன்" என்றார். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்ததும் அது முனகியது. "இதுல எப்படி உட்கார்ந்தே இத்தனை வருஷம்?"

"அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன். நான் சொல்றதை மட்டும் எழுதாதீங்க. நீங்களும் தலையைத் தூக்கிப் பாருங்க."

"ரெண்டு பேர் பார்த்தா ரெண்டாயிடும்னு அவர் சொல்வாரே."

"ஆனா ஆகட்டும்."

ஏரியில் ஒரு பருந்து. இரண்டு பேரும் பார்த்தோம், ஒன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் அண்ணி, "அதோ, அதோ!" என்று ஸ்டூலைவிட்டே எழுந்துவிட்டார். காக்கை. நான் சொன்னதும் காக்கையைத் திட்டினார்.

கடைசியாகக் கல்குவாரி. முகட்டில் முளைக்குச்சிகள் இல்லை, குழிகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. இடமிருந்து வலமாகப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். காற்று இருந்தது, குரல் இல்லை. அண்ணியும் நெற்றிமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார், கழுத்து வலிக்கும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"எதுவும் இல்ல" என்றேன்.

"எதுவும் இல்லன்னா என்ன எழுதறது?"

"சைபர் போடுங்க."

பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தார். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரலயா" என்றார். பிறகு போட்டார்.

அண்ணன் ஒரு தடவைகூட என்னை எழுதச் சொல்லாத எண் அது. வட்டம் கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.